மிகுபுனைவு நாவல் படமாகும்போது எதை மாற்றலாம், எதைத் தொட்டால் கதை சரியும்?

கேள்வி இதுதான்: ஒரு மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவலைப் படமாக்குகிறவர் மூலநூலை எவ்வளவு தூரம் பின்பற்ற வேண்டும்? ஒரு காட்சி விடுபட்டாலே துரோகம் என்கிறது ஒரு தரப்பு. படம் வேறு, புத்தகம் வேறு, ஒப்பிடுவதே தப்பு என்கிறது மறுதரப்பு. நியாயம் யார் பக்கம்?

என் பதில் நீளமானது. உதாரணங்கள் இல்லாமல் இதைப் பேச முடியாது என்பதால் பல கதைகளின் முடிச்சுகள் கீழே அவிழும். படிக்காதவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தரப்பும் அளவை வைத்துச் சண்டை போடுகின்றன. எத்தனை காட்சி போயிற்று, எத்தனை பாத்திரம் மாறிற்று என்று எண்ணிக்கொண்டிருக்கும்வரை இந்த விவாதம் தீராது. மாற்றப்பட்ட பகுதி நாவலில் என்ன வேலை செய்தது, அந்த வேலையைப் படத்தில் இப்போது யார் செய்கிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும். வீட்டில் ஒரு சுவரை இடிப்பவர் அது வெறும் தடுப்பா, கூரையைத் தாங்குவதா என்று பார்த்துவிட்டுத்தானே கை வைப்பார்? தழுவலிலும் அதே கவனம் வேண்டும். மிகுபுனைவில் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் அந்த உலகத்தைத் தாங்குவது எழுத்தாளர் வகுத்த விதிகள் மட்டுமே. நிஜ உலகக் கதையில் ஒரு காரணம் விடுபட்டால் பார்வையாளர் தன் அனுபவத்தால் நிரப்பிக்கொள்வார். மந்திரவாள் ஏன் வெட்டியது என்பதை யாராலும் அனுபவத்தால் நிரப்ப முடியாது.

முதலில் கொள்ளளவைப் பார்த்துவிடலாம். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது துறையில் பழகிய கணக்கு. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 150 பக்கம். ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாம் நாவல் 38 அத்தியாயம், சுமார் 2,57,000 சொல். நிமிடத்துக்கு 150 சொல் வீதம் வாய்விட்டு வாசித்தால் 28 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதிலிருந்து வந்த படம் 138 நிமிடம். அந்த வரிசையிலேயே மிக நீளமான புத்தகம், மிகக் குட்டையான படங்களில் ஒன்றாயிற்று. எனவே 'ஒன்றும் விடாமல் எடுங்கள்' என்று கேட்பதில் பொருளே இல்லை. எதை விடுவது என்ற தேர்வுதான் தழுவல்.

அதற்காக நேரம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 'தி ஹாபிட்' சுமார் 95,000 சொல்தான். அதை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக, மொத்தம் 474 நிமிடத்துக்கு எடுத்தார்கள். படத்தின் ஒரு நிமிடத்துக்கு நாவலின் 200 சொல். அதே இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எடுத்தபோது சுமார் 4,80,000 சொல்லை 558 நிமிடத்தில் அடக்கினார். நிமிடத்துக்கு ஏறக்குறைய 860 சொல். இடம் தாராளமாக இருந்த கதையில்தான் நாவலில் இல்லாத எல்ஃப் வீராங்கனையும் அவளுக்கொரு காதலும் நுழைந்தன. தலைப்பு குறிக்கும் அந்த ஹாபிட்டான நாயகன் பில்போ, தன் கதையிலேயே ஓரமாக நிற்கிறான். இடம் நெருக்கியபோது, எது முக்கியம் என்று திரைக்கதையாளர்கள் தினம் தினம் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் போனதும் கதையின் இறுக்கமும் போயிற்று.

இனி சுவர்களைத் தட்டிப் பார்ப்போம்.

'ரிங்ஸ்' ரசிகர்களிடம் தீராத புகார், நாவலில் காட்டில் வாழும் விசித்திர மனிதர் டாம் பாம்படில். முதல் படத்தில் அவர் இல்லை. வேண்டும் என்பவர்கள் அவருடைய பாடல்களையும் விசித்திரத்தையும் சொல்வார்கள். வேண்டாம் என்பவர்கள் கதை நகரவில்லை என்பார்கள். இரண்டு பேரும் அடிக்கடி மறப்பது ஒரு வாளை. பாம்படிலோடு சேர்ந்து, பழைய கல்லறை மேடுகளில் ஹாபிட்டுகள் என்ற குட்டை மனிதர்கள் சிக்கிக்கொள்ளும் பகுதியும் போய்விட்டது. அவர்களில் ஒருவனான மெர்ரிக்குக் கிடைக்கும் வாள் அந்தக் கல்லறையிலிருந்து வருவது. பகைவனின் தலைமை ஊழியனான சூனிய அரசனின் ஆங்மார் நாட்டோடு போரிட்ட மக்கள், அந்தப் பகையை மனத்தில் வைத்தே அடித்த வாள் அது. பெலன்னோர் போர்க்களத்தில் மெர்ரி குத்தியதும் சூனிய அரசனின் உடலைப் பிணைத்திருந்த மந்திரம் அறுகிறது. அரசகுலப் பெண் இயோவினின் வீச்சு அதன் பிறகுதான் பலிக்கிறது. படத்தில் வழியில் அரகோர்ன் நான்கு வாள்களை எடுத்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான். ஆகவே மெர்ரியின் குத்துக்குத் தனிக் காரணம் கிடையாது. காட்சி நிற்கிறதா? நிற்கிறது, ஏனென்றால் 'எந்த ஆணாலும் கொல்ல முடியாது' என்ற முன்னுரைப்பும் இயோவினின் பதிலும் பாரத்தைச் சுமந்துவிடுகின்றன. பாம்படிலை வெட்டியது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் அது இலவசமாக வந்த வெட்டு அல்ல. விலை மெர்ரியின் கணக்கில் விழுந்தது.

இதிலிருந்து ஒரு நடைமுறை வழி கிடைக்கிறது. மிகுபுனைவில் மனிதர்களைவிடப் பொருள்களைப் பின்தொடருங்கள். வாள், கண்ணாடி, மோதிரம், வரைபடம் என ஒவ்வொன்றும் முதலில் எங்கே வருகிறது, கடைசியாக எங்கே வேலை செய்கிறது என்று ஒரு தாளில் குறித்தால் போதும். தழுவல் எங்கே வழுக்கியது என்பது தானாகத் தெரியும். ஹாரி பாட்டரில் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் கொடுக்கும் இருவழிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாவலில் ஹாரி கைக்கு வருகிறது. ஏழாம் நாவலில் அதன் உடைந்த துண்டு உயிர் காக்கிறது. ஐந்தாம் படம் கண்ணாடியை விட்டுவிட்டது. ஏழாம் படத்தில் துண்டு திடீரென்று ஹாரியின் கையில் இருக்கிறது. புத்தகம் படிக்காதவர் பக்கத்து இருக்கையைப் பார்த்துக் கேட்க வேண்டியதுதான். ஐந்தாம் படத்தில் இருபது விநாடி ஒதுக்கியிருந்தால் இந்த ஓட்டை விழுந்திருக்காது.

ஹாரிக்கு உதவும் வேலைக்கார எல்ஃப் டாபியின் கதையும் அப்படித்தான். நாவல்களில் இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு எல்லாவற்றிலும் வருகிறான். படங்களில் இரண்டுக்குப் பிறகு ஏழில்தான் மறுபடி முகம் காட்டுகிறான். நான்கில் நீருக்குள் மூச்சுவிட உதவும் செடியை அவனுக்குப் பதில் ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில் கொடுக்கிறான். அந்தத் தனிப் படத்துக்கு அது நல்ல மாற்றம்: ஒரு பாத்திரம் குறைந்தது, செடிகளை அறிந்த நெவிலுக்கும் பொருந்தியது. அடி விழுந்தது வரிசைக்கு. எட்டு ஆண்டு கண்ணில் படாத ஒருவனின் மரணம் நாவல் படித்தவரை உலுக்குவதுபோல் மற்றவரை உலுக்காது.

வரிசை முடியும் முன்பே படமெடுப்பதில் இன்னோர் ஆபத்து இருக்கிறது: எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது என்பது எழுத்தாளருக்கு மட்டும் தெரியும். ஹாரி பாட்டர் ஐந்தாம் படத்தின் திரைக்கதையிலிருந்து க்ரீச்சர் என்ற இன்னொரு வேலைக்கார எல்ஃபை எடுத்துவிட நினைத்தார்கள். எழுத்தாளர் ரௌலிங் தடுத்தார், அப்போது வெளிவராத ஏழாம் நாவலில் அவனுக்கு வேலை இருந்தது. அப்படிச் சொல்ல ஆளில்லாமலோ, சொன்னது காதில் விழாமலோ போனால் என்ன ஆகும் என்பதற்கு 2006ல் வந்த 'எராகன்' படம் சாட்சி. முதல் படத்திலேயே ரா'சாக் என்ற கொடிய ஜீவன்களைக் கொன்றுவிட்டார்கள். நாயகனின் மாமன் மகன் ரோரன் காதலிக்கும் காத்ரீனாவைக் கடத்துவதே இரண்டாம் நாவலில் அந்த ஜீவன்கள்தான். ரோரனின் கதை முழுவதும் அதிலிருந்து கிளம்புகிறது. இரண்டாம் படம் வரவே இல்லை என்பது வேறு விஷயம். வந்திருந்தால் எங்கிருந்து தொடங்குவார்கள்?

பெர்சி ஜாக்சனில் உடைந்தது கடிகாரம். நாவலில் அவனுக்கு 12 வயது. மூத்த கடவுளரின் குழந்தை 16ஐத் தொடும்போது உலகத்தின் விதி முடிவாகும் என்ற முன்னுரைப்பு ஐந்து நூல்களையும் இழுத்துச் செல்கிறது. ஒவ்வொரு நூலும் அந்த வயதை நெருங்குகிறது. 2010 படம் நாயகனைப் பெரிய பையனாக்கியது. பிறகு 2013ல் வந்த இரண்டாம் படம் வேறு வழியின்றி முன்னுரைப்பின் வயதை 20 என்று மாற்ற வேண்டியதாயிற்று. 'வயதுதானே, இதற்கா சண்டை?' என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். வயது அலங்காரம் அல்ல, கதைக் கடிகாரத்தின் முள்.

அதே போல 'நிறம்தானே' என்பதற்கும் ஒற்றைப் பதில் கிடையாது. 1900ல் வந்த ஓஸ் நாவலில் டோரதியின் காலணி வெள்ளி. 1939 படத்தில் மாணிக்கச் சிவப்பு, டெக்னிகலர் திரையில் பளிச்சென்று தெரியட்டும் என்று. சூனியக்காரி ஆசைப்படும் பொருள், வீடு திரும்ப வைக்கும் பொருள் என்ற வேலை அப்படியே இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. ஆனால் எர்த்சீ கதைகளில் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அந்தத் தீவுக்கூட்டத்தில் பெரும்பாலோர் கருநிறத்தவர், வெள்ளையர் கடல்கடந்து கொள்ளையடிக்க வரும் கார்க் இனத்தவர். அவற்றை எழுதிய லெ க்வின் வேண்டுமென்றே, யோசித்து வைத்த அமைப்பு அது. 2004 குறுந்தொடர் கெட்டை வெள்ளையனாக்கியபோது அவர் வெளிப்படையாக எழுதிக் கண்டித்தார். அதே தொடர் பெயர்களையும் புரட்டிப் போட்டது. எர்த்சீயில் ஒருவரின் மெய்ப்பெயர் தெரிந்தால் அவர்மீது அதிகாரம் வரும். ஆகவே அது ரகசியம், ஊர் கூப்பிடுவது வேறு பெயர். 'கெட்' மெய்ப்பெயர், 'ஸ்பாரோஹாக்' புழங்கு பெயர். தொடரில் கெட் என்பது எல்லாரும் கூப்பிடும் பெயராயிற்று. இரண்டு சொல்லை இடம் மாற்றியதுபோலத் தோன்றும். அந்த உலகின் மந்திரம் முழுவதும் அந்த இரண்டு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

ஹாரியின் கண்கள் இதற்கு இடையில் வரும். நாவலில் பச்சை; நடிகருக்கு லென்ஸ் ஒத்துக்கொள்ளாததால் படங்களில் நீலம். அதில் தவறே இல்லை. கதைக்கு வேண்டியது பச்சை அல்ல, அம்மாவின் கண்களோடு பொருத்தம். அம்மா லில்லியை நேசித்த ஆசிரியர் ஸ்னேப்பின் முழுக்கதையும் அதில் இருக்கிறது. கடைசிப் படத்தில் சிறுமி லில்லியாக வருபவரின் கண்கள் பழுப்பு. நீலம் ஆக்கியதை மன்னிக்கலாம், பொருத்தத்தை விட்டதை மன்னிப்பது கடினம்.

மந்திரத்துக்குக் கொடுக்கும் விலை தனியாகப் பேச வேண்டியது, ஏனென்றால் தயாரிப்பாளர்கள் முதலில் கத்தரிப்பது அதைத்தான். மீகயேல் எண்டேயின் 'முடிவற்ற கதை' 1979ல் வந்தது. பாதிக்குமேல் பாஸ்டியன் என்ற சிறுவன் தான் படிக்கும் புத்தகத்தின் கற்பனை நாட்டுக்குள் போய் ஒவ்வொன்றாக ஆசைப்படுகிறான். ஒவ்வோர் ஆசைக்கும் தன் உலகத்தைப் பற்றிய ஒரு நினைவு அழிகிறது. 1984 படம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எத்தனை ஆசை வேண்டுமானாலும் படலாம் என்று முடிந்தது. எண்டே கொதித்தார், தன் பெயரை எடுக்கச் சொன்னார், வழக்குப் போட்டுத் தோற்றார். பாதி நூலை எடுத்தது என் பார்வையில் குற்றம் இல்லை. விலை கேட்கும் கதையை விலையில்லாத கதையாக மாற்றியதுதான் குற்றம். 2007ல் வந்த 'தி கோல்டன் காம்பஸ்' செய்ததும் இதன் இன்னொரு வடிவம். கடைசி மூன்று அத்தியாயங்களைப் படம்பிடித்து முடித்தபின், அடுத்த பாகத்தின் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று வெட்டினார்கள். நண்பனைக் காப்பாற்றப் போகிறோம் என்று நம்பிச் சிறுமி லைரா அவனை மரணத்துக்கே அழைத்துச் செல்வது அந்தப் பக்கங்களில்தான் தெரியும். அடுத்த பாகம் வரவில்லை. முடிவைக் கடன் வைக்கவே கூடாது.

எழுத்தாளர் ஒப்புதல் கொடுத்தாரா என்பதை அளவுகோலாக்குகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. டயானா வின் ஜோன்ஸ் 1986ல் எழுதிய 'ஹௌலின் நகரும் கோட்டை'யை ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 2004ல் படமாக்கியபோது பெரிய போர் ஒன்றைச் சேர்த்தார், ஹௌல் வேல்ஸ் நாட்டுக்காரன் என்பதையே எடுத்துவிட்டார். ஜோன்ஸுக்குப் படம் பிடித்திருந்தது. அது தப்பித்ததற்குக் காரணம் அவருடைய பெருந்தன்மை அல்ல. நெருப்புப் பேயிடம் இதயத்தைக் கொடுத்த ஒப்பந்தமும், சாபத்தைப் பற்றி வாய்திறக்க முடியாத சோஃபியும் படத்தில் அப்படியே இருக்கிறார்கள். வில்லியம் கோல்ட்மன் 1973ல் தான் எழுதிய 'தி பிரின்சஸ் பிரைட்' நாவலுக்கு 1987ல் தானே திரைக்கதை எழுதினார். நாவலில் கதைக்கு வெளியே நிற்கும் எழுத்தாளனின் நீண்ட குறுக்கீடுகளுக்குப் பதில், நோயில் படுத்த பேரனுக்குத் தாத்தா புத்தகம் வாசிக்கும் காட்சிகளை வைத்தார். குறுக்கிடுவதும் கேலி செய்வதும் கதையை நிறுத்தி மறுபடி தொடங்குவதும் தொடர்ந்தன. வெளிச்சட்டகம் மட்டும் மாறியது.

மனத்துக்குள் நடப்பதைத் திரைக்குக் கொண்டுவருவதில் திறமை தெரியும். 'ரிங்ஸ்' கதையில் சதுப்பு நிலப் பயணத்தின்போது, ஒரே உடலில் வாழும் கோல்லம், ஸ்மீகல் என்ற இரண்டு மனங்களும் தமக்குள் வாதாடுவதை நாவலில் சாம் என்ற ஹாபிட் ஒட்டுக்கேட்கிறான். எது பேசுகிறது என்பதைக் கண்ணில் மாறும் ஒளி காட்டும். படத்தில் கேமரா ஒரு கோணத்துக்கு ஒருவராக மாறி மாறி வெட்டுகிறது, எதிரெதிரே இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதுபோல. இதற்கு மேல் விசுவாசமாக எடுக்க முடியாது. ஆனால் எழுத்துக்கு எழுத்து பார்த்தால் மாற்றம்தான்.

ஒரே கதையில் இடமாற்றம் எப்படி உதவும், எப்படிக் கெடுக்கும் என்பதற்கும் 'ரிங்ஸ்' போதும். பயணக் குழுவில் ஒருவனான போரோமிரின் இறப்பு நாவலில் இரண்டாம் பாகத்தின் தொடக்கம்; சண்டையை நாம் பார்ப்பதில்லை, அரகோர்ன் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. அதை முதல் படத்தின் இறுதிக்கு நகர்த்தி, சண்டையை முழுதாகக் காட்டியதால் அந்தப் படத்துக்குத் தனி முடிவு கிடைத்தது. மிகச் சரியான நகர்த்தல். போரோமிரின் தம்பி ஃபாரமிர் விஷயத்தில் சிக்கல் ஆரம்பித்தது ஷெலோப் என்ற ராட்சதச் சிலந்தியிலிருந்து. நாவலின் இரண்டாம் பாகம் ஷெலோபின் குகையில் முடிகிறது. ஆனால் நூலின் நாள்வரிசைப்படி அது மினாஸ் திரித் போரோடு சேர்ந்தது, ஹெல்ம்ஸ் டீப் போருக்கு ஒரு வாரத்துக்கும் மேல் பிந்தியது. படம் காலவரிசையில் போனதால் ஷெலோப் மூன்றாம் படத்துக்குத் தள்ளிப்போயிற்று. இரண்டாம் படத்தில் மோதிரத்தைச் சுமக்கும் ஃப்ரோடோவுக்கு ஒரு நெருக்கடி வேண்டும். ஆகவே மோதிரத்தைச் சீண்டாத ஃபாரமிர், படத்தில் அவனை ஆஸ்கிலியத்துக்கு இழுத்துப் போகிறான். நியாயம் புரிகிறது. என் எதிர்ப்பு அதன் பின்விளைவுக்கு: அங்கே ஃப்ரோடோ நாஸ்கூலின் முன்னால் மோதிரத்தைத் தூக்கிக் காட்டுகிறான். மோதிரம் தன் நாடான மோர்டோரை நோக்கி வருகிறது என்பது பகைவனுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் மொத்தத் திட்டமே. அவனுடைய ஊழியன் கண்ணெதிரே பார்த்த பிறகும் எதிரி விழித்துக்கொள்ளவில்லை என்று நம்பச் சொல்கிறார்கள். ஃபாரமிரின் தந்தை டெனதோருக்கும் இப்படி ஓர் அநீதி நடந்தது: தொலைவைக் காட்டும் மந்திரக் காட்சிக்கல்லில் எதிரி தேர்ந்தெடுத்துக் காட்டியதைப் பார்த்துப் பார்த்து நொறுங்கியவர் அவர். கல்லை எடுத்துவிட்டு நொறுங்கலை மட்டும் வைத்தால் வெறும் பைத்தியக்காரர்தான் மிஞ்சுகிறார்.

விவாதத்துக்கு உட்காரும் முன் நான் சொல்லும் பயிற்சி ஒன்றுதான். நாவலின் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் 'இதனால் அது' என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். பிறகு படத்தைப் பார்த்து, உடைந்த 'இதனால்'களுக்கு மட்டும் கோடு போடுங்கள். விடுபட்ட காட்சி நூறு இருக்கும், உடைந்த காரணம் ஏழெட்டுதான் இருக்கும். அந்த ஏழெட்டைப் பற்றிப் பேசினால் எதிர்த்தரப்பும் காது கொடுக்கும். ஹாரி பாட்டர் நான்காம் படத்தில், கோப்பையில் உன் பெயரைப் போட்டாயா என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹாரியிடம் கத்திக் கேட்டார், நாவலில் அமைதியாகக் கேட்டார் என்ற புகாரையும் இதில் போட்டுப் பார்க்கலாம். காரணம் எதுவும் உடையவில்லை. உடைந்தது குணம், எப்போதும் பதறாத ஒருவர் பதறிவிட்டார். புகார் நியாயமானதே, ஆனால் கண்ணாடித் துண்டின் எடை அதற்கு இல்லை.

இவற்றையெல்லாம் எழுத்தாளர் தரப்பிலிருந்து தெளிவாகச் சொன்னவர்களில் 'ரிங்ஸ்' எழுதிய டோல்கியனும் ஒருவர். 1958ல், தன் நூலுக்கு ஒருவர் எழுதி அனுப்பிய திரைக்கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு நீண்ட கடிதம் எழுதினார். வெட்டுவதை அவர் எதிர்க்கவில்லை. மூலத்தின் மையம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் தேவையற்றதை நுழைப்பதும் மிகைப்படுத்துவதும்தான் மோசமான படங்களைத் தோற்கடிக்கிறது என்பது அவர் வாதம். ஹெல்ம்ஸ் டீப் போர், என்ட்டுகள் என்ற நடக்கும் மர மனிதர்கள் இரண்டையும் போதிய நீளத்தில் காட்ட இடமில்லை என்றால் போரை எடுத்துவிடுங்கள், முதன்மைக் கதைக்கு அது துணைதான் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். 2002 படம் நேர்மாறாகப் போரைப் பெரிதாக்கியது. போர் பிரமாதமாக வந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் நாவலில் மூன்று நாள் கூடிப் பேசித் தாங்களே போருக்குக் கிளம்பும் என்ட்டுகள், படத்தில் வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். பிறகு பிப்பின் என்ற ஹாபிட் ஒரு தந்திரம் செய்து என்ட்டுகளில் மூத்தவரான ட்ரீபியர்டைப் பகைக் கோட்டை ஐசென்கார்டின் ஓரத்துக்கு அழைத்துப் போக, அங்கே மரங்கள் வெட்டப்பட்டிருப்பதை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். அந்தக் காட்டுக்கே காவலர் அவர்.